வைஸுக்கு மரத்துல கைச்சக்கரம் கடைஞ்சேன், மூணு மாசத்துல நட்டு உள்ளயே சுத்துது. எங்க தப்பு?

அரைக்கடைசல்:

எல்லாருக்கும் வணக்கம், வழக்கமா சத்தமில்லாம படிச்சிட்டு ஓடிடற ஆளு நான், இன்னைக்கு வசமா மாட்டிக்கிட்டேன் அதான் எழுதறேன். பெஞ்சுக்கு நானே ஒரு வைஸ் (வேலை செய்யற மரத்தை இறுக்கிப் பிடிக்கற சாமான்) பண்ணேன். எம் 16, அதாவது 16 எம்எம் தடிமன் மறை ராடு, அது முனையில ஒரு மரச் சக்கரம். 180 எம்எம் விட்டம், 32 எம்எம் கனம், ஒரே பலகையில வெட்டின தேக்கு. லேத்துல கடைஞ்சு எடுத்தப்ப பாக்கவே அவ்ளோ அழகு, வீட்ல எல்லார்கிட்டயும் காட்டிட்டு திரிஞ்சேன். நடுவுல ஆறு பட்டைக்கு உளியால குழி வெட்டி, எம் 16 நட்டை எபாக்ஸி போட்டு தட்டி உள்ள இறக்கினேன், வெளிப்பக்கம் இன்னொரு நட்டு போட்டு லாக் பண்ணேன்.

மூணு மாசம் நல்லாத்தான் போச்சு. இப்ப வைஸை இறுக்கி வச்சுட்டு அப்புறம் கழட்டலாம்னு திருப்பினா சக்கரம் மட்டும் சுத்துது, ராடு அப்படியே நிக்குது. பிரிச்சு பாத்தா குழியோட மூலையெல்லாம் மழுங்கி வட்டமா ஆயிடுச்சு, ஒரு மூலையிலேர்ந்து விளிம்பு பக்கமா முடி மாதிரி ஒரு விரிசல். போதாததுக்கு சக்கரமே வட்டமா இல்ல, வெர்னியர் வச்சு பாத்தா ஒரு பக்கம் 180, இன்னொரு பக்கம் 178.4. இரும்புச் சக்கரமே வாங்கி மாட்டிடலாமா, இல்ல மரத்துலயே ஒழுங்கா பண்ண வழி இருக்கா?

பழைய_உளி:

விரிசல் மரத்தோட ரேகை, அதான் நார், போற திசையிலதானே ஓடுது? குறைஞ்சுபோன 178.4 ரேகைக்கு குறுக்க அளந்ததுதானே? ரெண்டுக்கும் ஆமான்னு சொல்வீங்கன்னு தெரியும், இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்.

அரைக்கடைசல்:

ஆமா அண்ணே, ரெண்டும் அப்படியேதான். பக்கத்துல நின்னு பாத்த மாதிரி சொல்றீங்க.

பழைய_உளி:

பாக்க வேண்டியதில்ல தம்பி, என் முதல் சக்கரமும் இதே மாதிரிதான் போச்சு. இதுல ரெண்டு தனித்தனி வியாதி இருக்கு, குழப்பிக்காதீங்க.

முதல்ல வட்டம். மரம் நீளவாக்குல கிட்டத்தட்ட சுருங்கவே சுருங்காது, குறுக்கதான் சுருங்கும். அதுலயும் வளையத்தை ஒட்டிப் போற திசையில சுருங்கறது, நடுவுலேர்ந்து வெளிய போற திசையில சுருங்கறதைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு. ஒரே பலகைல வட்டம் வெட்டினா ஈரம் மாறும்போது அது முட்டை ஆகத்தான் செய்யும். குறுக்க 1 சதவீதம் மாறினாலே 180க்கு 1.8 எம்எம் போயிடும், உங்களுக்கு அது 1.6. பலகை காஞ்சதுன்னு சொல்லி குடுத்திருப்பாங்க, முழுசா காஞ்சிருக்காது. ஆனா வைஸ் சக்கரம் முட்டையா இருந்தா ஒண்ணும் குடி முழுகிடாது, கைக்கு கொஞ்சம் உறுத்தும், அவ்ளோதான்.

நிஜ வியாதி குடம். சக்கரத்தோட நடுப்பாகத்தை வண்டி பண்றவங்க குடம்னுதானே சொல்வாங்க, எனக்கும் அதே பேர்தான் வாயில வரும். கணக்கு போட்டு பாருங்க. விளிம்புல நீங்க 10 கிலோ தள்றீங்கன்னு வைங்க, அது நடுவுலேர்ந்து 90 எம்எம் தள்ளி. எம் 16 நட்டோட மூலை நடுவுலேர்ந்து 13 எம்எம் சொச்சம்தான். அப்ப அந்த ஆறு மூலையிலயும் சேத்து 65, 70 கிலோ மரத்தை அழுத்துது. ஒவ்வொரு மூலையும் ஒரு ஆப்பு மாதிரி. ஆப்பு வச்சு அடிச்சா மரம் எப்படி பொளக்கும்? ரேகை வழியா. உங்க விரிசல் அதான். எபாக்ஸி மேல தப்பு சொல்லாதீங்க, அது பாவம்.

புதுசுதான்:

பக்கவாட்டுல ஒரு கிரப் ஸ்க்ரூ (தலை இல்லாத ஸ்க்ரூ) போட்டு இறுக்கிட்டா நிக்காதா ப்ரோ?

பழைய_உளி:

மரத்துல மறை போட்டு, அந்த மறையில கிரப் ஸ்க்ரூ போட்டு, அது இரும்பைப் பிடிக்கணும்னு எதிர்பாக்கறீங்களா? ரெண்டு நாள் நிக்கும், மூணாவது நாள் மரத்துல இருக்கற மறை மாவாயிடும். சின்ன குமிழுக்கு சரி, வைஸுக்கு வேணாம்.

பிளைவுட்_பிரியன்:

இதுக்கு எதுக்கு இவ்ளோ பேச்சு, 18 எம்எம் பிளைவுட் ரெண்டு தட்டை ஒட்டி கடைங்க, சோலி முடிஞ்சது. ஒரு அடுக்கு இப்படி ஒரு அடுக்கு அப்படின்னு ரேகை மாறி மாறி போறதால முட்டையும் ஆகாது, விரிசலும் ஓடாது. என் பேண்ட் சாவோட டென்ஷன் சக்கரம், டிரில் மேசைய ஏத்தி இறக்கற சக்கரம் எல்லாம் பிளைவுட்தான், வருஷக்கணக்கா கிடக்கு. கடையும்போது ஒட்டுப் பசை உளியை சீக்கிரம் மழுக்கும், அடிக்கடி தீட்டிக்கணும், அது ஒண்ணுதான் தொல்லை. ஆனா உள்ள வெற்றிடம் இல்லாத நல்ல பிளையா எடுங்க, மலிவு சரக்குல நடு அடுக்குல ஓட்டை இருக்கும், கடையும்போது சரியா விளிம்புல வந்து பல்லைக் காட்டும்.

வைரம்பாய்ஞ்சவன்:

பிளைவுட் சக்கரம் வேலை செய்யும், ஒத்துக்கறேன். ஆனா கையில பிடிச்சா சுகமா இருக்கா சொல்லுங்க? நாலு நாள்ல விளிம்புல சிலாம்பு எழும்பும், உள்ளங்கையில குத்தும், வார்னிஷ் அடிச்சா வழுக்கும். நாள் முழுக்க தொடற சாமான் அது.

நான் பண்றது வட்டை முறை. வண்டிச் சக்கரத்துல வளைஞ்ச துண்டுகளை சேத்து வட்டம் கட்டுவாங்கல்ல, அதே யோசனை. 12 துண்டு, ஒவ்வொண்ணோட ரெண்டு முனையும் 15 டிகிரி. வெளிவிட்டம் 200 வேணும்னா ஒவ்வொரு துண்டும் வெளிப்பக்கம் 54 எம்எம் சுமாருக்கு வரும், கடைய கொஞ்சம் கூட வச்சுக்கங்க. இதுல ரேகை விளிம்பைச் சுத்தியே ஓடும், எங்க தொட்டாலும் நீளவாக்கு மரம்தான், கடையறதுக்கு வெண்ணெய் மாதிரி போகும். நடுவுல 12 எம்எம் பிளைவுட் தட்டு ஒண்ணு வச்சு ரெண்டு பக்கமும் வளையத்தை ஒட்டிட்டா பிளைவுட்_பிரியனுக்கும் சந்தோஷம் எனக்கும் சந்தோஷம்.

புதுசுதான்:

//12 துண்டு, ஒவ்வொண்ணோட ரெண்டு முனையும் 15 டிகிரி//

நான் ஒருதடவை இதை முயற்சி பண்ணி கடைசி துண்டு உக்காரவே இல்ல, நாக்கு தள்ளிடுச்சு. ரம்பத்துல கோணம் கரெக்டாதான் வச்சேன்.

வைரம்பாய்ஞ்சவன்:

கரெக்டா வச்சதா நினைச்சிருப்பீங்க. 24 வெட்டு இருக்கு, ஒவ்வொண்ணுலயும் பத்துல ஒரு பங்கு டிகிரி தப்பினாக்கூட மொத்தமா 2.4 டிகிரி வாயைப் பொளந்துக்கும். அதனால 12ஐயும் ஒரே நேரத்துல ஒட்டாதீங்க. ஆறு ஆறா ரெண்டு பாதி வளையமா ஒட்டுங்க, முழுசா காய விடுங்க, அப்புறம் ரெண்டு பாதியோட முனைகளையும் ஒரு சமமான பலகைல ஒட்டின உப்புத்தாள்ல வச்சு, ரெண்டு முனையும் ஒரே நேரத்துல தொடற மாதிரி தேய்ச்சு நேராக்கிட்டு சேருங்க. தப்பெல்லாம் அந்த ரெண்டு ஒட்டுலயே கரைஞ்சுடும், ஒருத்தருக்கும் தெரியாது. துண்டுகளோட முனை மரம் பசையை உறிஞ்சிக்கும், முதல்ல மெல்லிசா ஒரு பூச்சு பூசி கொஞ்சம் ஊற விட்டுட்டு ரெண்டாவது பூச்சுல ஒட்டுங்க. தேக்குன்னா எண்ணெய்ப் பசை உண்டு, ஒட்டறதுக்கு முன்னாடி தின்னர்ல ஒருதரம் துடைச்சுடுங்க.

அரைக்கடைசல்:

ஆரக்கால் வச்ச மாதிரி பண்ணா அழகா இருக்குமேன்னு ஒரு ஆசை. தட்டுலயே ஜிக்சா வச்சு அஞ்சு ஓட்டை வெட்டி ஆரக்கால் மாதிரி விட்டுட்டா?

வைரம்பாய்ஞ்சவன்:

முழுப்பலகைன்னா கண்டிப்பா வேணாம். ரேகையோட போற ஆரக்கால் நிக்கும், குறுக்க போறது பிஸ்கட் மாதிரி உடையும். பிளைவுட்னா பரவால்ல. நிஜமான ஆரக்கால் வேணும்னா ஒவ்வொண்ணையும் தனியா, ரேகை நீளமா போற மாதிரி கடைஞ்சு குடத்துலயும் வட்டையிலயும் துளை போட்டு சொருகணும், ஒரு வைஸுக்கு அது எல்லாம் ஓவர். தட்டுல அஞ்சாறு வட்ட ஓட்டை போட்டுக்குங்க, விரல் நுழைச்சு சுத்தவும் ஆகும். ஆறு ஓட்டைன்னா அளவெடுக்கவே தேவையில்ல, வட்டம் போட்ட கவராயத்தை அதே அகலத்துல வச்சு வட்டத்து மேல நடக்க விட்டா ஆறாவது அடியில கிளம்பின இடத்துக்கே வந்துடும்.

அரைக்கடைசல்:

சரி வட்டை பிளஸ் பிளைவுட்னு முடிவு பண்ணிட்டேன். ஆனா நட்டு விஷயம் இன்னும் புரியல. மறுபடியும் அதே குழிதான் வெட்டணுமா?

பழைய_உளி:

இங்கதான் கொஞ்சம் பொறுமையா படிங்க, நான் மூணு சக்கரம் பாழாக்கினதுக்கப்புறம் புரிஞ்ச விஷயம்.

நட்டை மரத்துல புதைக்காதீங்க. 4 எம்எம் இரும்புத் தகடுல 80 எம்எம் வட்டமா ஒண்ணு வெட்டி, நடுவுல துளை போட்டு நட்டை அதுல வெல்டு வச்சு வாங்கிடுங்க. தகடுல 60 எம்எம் வட்டத்துல நாலு துளை, அதுல போல்ட்டு சக்கரத்தை ஊடுருவி மறுபக்கம் வாஷர் நட்டு. இப்ப அதே 10 கிலோ கணக்கை போடுங்க. பிடி நடுவுலேர்ந்து 30 எம்எம் தள்ளி இருக்கு, மொத்தம் 30 கிலோ, நாலா பிரிஞ்சா போல்ட்டுக்கு 7.5 கிலோ. ஆப்பும் இல்ல. அந்த போல்ட்டுத் துளையை மரத்துல அரை எம்எம் லூசா போடுங்க, மரம் அசைஞ்சா அசையட்டும்.

அடுத்தது ராடும் நட்டும். நீங்க லாக் நட்டு போட்டிருக்கீங்க, இறுக்கும்போது ஒண்ணும் தெரியாது, கழட்டும்போதுதான் அது சோதிக்கும். பொருத்தினதும் நட்டையும் ராடையும் சேத்து குறுக்க 5 எம்எம் துளை போட்டு ரோல் பின் (சுருட்டின எஃகு முளை) அடிச்சுடுங்க. எம் 16க்கு 5 எம்எம் துளை தாங்கும்.

இப்ப முக்கியமான இடம். எல்லாரும் சக்கரத்தை அழகா கடைஞ்சு முடிச்சுட்டு அப்புறம் நட்டை மாட்டுவாங்க. மாட்டினா நட்டோட மறை தகடுக்கு ஒரு முடி சாஞ்சிருக்கும், வெல்டு இழுத்திருக்கும், துளை ஒரு ஓரமா போயிருக்கும், சுத்தினா சக்கரம் குடிகாரன் மாதிரி தள்ளாடும். எவ்ளோ நல்லா கடைஞ்சிருந்தாலும் வேஸ்ட். அதனால தலைகீழா பண்ணுங்க. சக்கரத்தை தோராயமா வட்டமா வெட்டி, முதல்ல தகடும் நட்டும் மாட்டிடுங்க. ஒரு நீளமான எம் 16 போல்ட்டு எடுத்து தலையை அறுத்துடுங்க, மறை இல்லாத தண்டுப் பக்கத்தை லேத்து சக்குல பிடிங்க, மறைப் பக்கத்துல சக்கரத்தை திருகுங்க, பின்னாடி இன்னொரு நட்டு. போல்ட்டு முனையில சென்டர் குத்தி டெயில் ஸ்டாக்கை (லேத்தோட எதிர்முனைத் தாங்கி) கொண்டு வந்து தாங்குங்க. இப்ப கடைங்க. நட்டு எவ்ளோ கோணலா இருந்தாலும் சரி, விளிம்பு அந்த மறைக்கு நேரா வந்துடும், ஏன்னா அந்த மறையை வச்சுத்தானே சுத்துது. லேத்து சுத்தற திசைக்கு வெட்டு விழ விழ சக்கரம் இறுகத்தான் செய்யும், கழண்டு வராது. ரொம்பவும் இறுகி கடைசில கழட்ட முடியாம போகும், நடுவுல ஒரு அட்டை வாஷர் வச்சுக்குங்க.

அரைக்கடைசல்:

அண்ணே இது மண்டையில ஏறவே ரெண்டு தரம் படிக்க வேண்டியிருந்தது, ஏறினப்புறம் இவ்ளோ நாள் இது ஏன் தோணலன்னு இருக்கு. வேகம் எவ்ளோ வைக்கலாம்?

பழைய_உளி:

விட்டத்தை இஞ்சுல வச்சு ஆர்பிஎம்மோட பெருக்கினா 6000க்கும் 9000க்கும் நடுவுல வரணும்னு ஒரு பழைய கணக்கு. உங்களுக்கு 7 இஞ்சு, அதாவது 850லேர்ந்து 1280. ஆனா அது வட்டமானதுக்கு அப்புறம். ஆரம்பத்துல 400, 500ல கிளம்புங்க, லேத்து ஆடினா இறக்குங்க. ஸ்விட்ச் போடறதுக்கு முன்னாடி கையால ஒரு முழுச் சுத்து சுத்தி டூல் ரெஸ்ட்ல (உளியை தாங்கி வைக்கற கட்டை) இடிக்குதான்னு பாருங்க. தகடோட போல்ட்டு தலைங்க எங்க நீட்டிட்டு இருக்குன்னு ஞாபகம் வச்சுக்கங்க, சுத்தும்போது கண்ணுக்கு தெரியாது, உளி போய் பட்டா உளியும் போச்சு விரலும் போச்சு.

பிளைவுட்_பிரியன்:

உளி பேச்சு வந்ததால சொல்றேன், தயவுசெஞ்சு இதுக்கு ஸ்பிண்டில் ரஃபிங் கவுஜ் (நீளமான கட்டையை உருட்டறதுக்கான குழி உளி) எடுக்காதீங்க. பேர்ல ரஃபிங்னு இருக்கேன்னு நான் எடுத்தேன். தட்டு மாதிரி சாமான்ல ஒவ்வொரு சுத்துக்கும் முனை மரம் வந்து மோதும். அந்த உளிக்கு பிடிக்குள்ள போற வால் ஒல்லியானது. ஒரே கேட்ச் (உளி மரத்துல திடீர்னு மாட்டிக்கறது), டங்குனு சத்தம், கையில வெறும் மரப்பிடி மட்டும் இருக்கு, உளி என் காதுக்கு பக்கத்துல போய் செவுத்துல அடிச்சு கீழ கிடக்கு. முகமூடி போட்டிருந்தேன், ஆனாலும் அரைமணி நேரம் ஸ்டூல்ல உக்காந்துட்டேன். பவுல் கவுஜ் (கிண்ணம் கடையற குழி உளி) எடுங்க, இல்ல ஸ்க்ரேப்பர். விளிம்பு வெளிப்பக்கம் சின்ன விட்டத்துலேர்ந்து பெரிய விட்டத்துக்கு போங்க, நார் தாங்கிக்கும். கையுறை, தொளதொள சட்டைக்கை எதுவும் வேணாம்.

புதுசுதான்:

சுத்தற கைப்பிடி எப்படி மாட்டறது? என்னுது ரெண்டு வாரத்துல டைட்டாகி நின்னுடுச்சு.

வைரம்பாய்ஞ்சவன்:

மரத்துல நேரா போல்ட்டு போட்டிருப்பீங்க. ஈரம் மாறும்போது துளையோட அளவு மாறி போல்ட்டைக் கவ்விக்கும். 80 எம்எம் நீளம், நடுவுல 27, 28 எம்எம் தடிமனா பீப்பா மாதிரி கடைங்க, முதல்லயே துளை போட்டு பித்தளைக் குழாய் ஒட்டிட்டு அதுக்கப்புறம் கடைஞ்சா துளை நடுவுல இருக்கும், பழைய_உளி அண்ணன் சொன்ன அதே தத்துவம். குழாய் மரத்தைவிட அரை எம்எம் நீட்டிக்கிட்டு இருக்கட்டும், வாஷர் அதுமேல உக்காரும், மரம் உரசாம சுத்தும். போல்ட்டு எம் 8, பின்னாடி நைலாக் நட்டு.

இன்னொண்ணு, யாராச்சும் லேத்தோட ஹெட்ஸ்டாக் (மோட்டார் சுத்தற பக்கம்) பின்னாடி மாட்டற சக்கரத்துக்கு இந்தக் கைப்பிடி வைக்கலாம்னு யோசிச்சா வேணாம். மோட்டார் ஓடும்போது அது கூடவே சுத்தும், சட்டையைப் பிடிச்சு இழுத்துடும், ஆயிரம் ஆர்பிஎம்ல ஒருபக்க பாரம் வேற. அதுக்கு மழுமழுன்னு வெறும் வட்டம்தான்.

வார்ப்புக்காரன்:

நான் ஃபவுண்டரி பக்கத்து ஆளு, சும்மா எட்டிப் பாத்தேன். நீங்க எல்லாம் இரும்புக்கு பதிலா மரத்துல பண்றீங்க, எங்க தொழில்ல இரும்புச் சக்கரமே மரச் சக்கரத்துலேர்ந்துதான் பிறக்கும். வார்ப்பிரும்பு ஆறும்போது 1 சதவீதம் போல சுருங்கும்னு பேட்டர்னை (மண்ணுல அச்சு எடுக்கற மர மாதிரி) அந்த அளவு பெருசா கடைவோம், மண்ணுலேர்ந்து உருவும்போது ஓரம் உடையாம வர்றதுக்கு பக்கவாட்டை லேசா சாய்ச்சு விடுவோம். வட்டை துண்டு ஒட்டற முறை எங்க பேட்டர்ன் ஆசாரிங்களும் பண்றதுதான். உங்க சக்கரத்தோட உள் மூலைங்களை கூரா விடாம உருட்டி விடுங்க, இரும்போ மரமோ கூர் மூலையிலதான் விரிசல் ஆரம்பிக்கும்.

பழைய_உளி:

//கூர் மூலையிலதான் விரிசல் ஆரம்பிக்கும்//

கரெக்ட். நட்டுக் குழி கதையும் இதேதான்.

அரைக்கடைசல்:

ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன். சக்கரம் மாட்டியாச்சு!

வட்டை 12 துண்டு, ரெண்டு பாதியா ஒட்டினேன், உப்புத்தாள்ல தேய்ச்ச ஒட்டு எதுன்னு இப்ப எனக்கே தெரியல. தகடு வெல்டு பண்ணி வாங்கினது கண்ணுக்கே தெரியற அளவு கோணல், போல்ட்டுல திருகி லேத்தைப் போட்டா சக்கரம் மேலும் கீழும் 4 எம்எம் ஆடுது, பயந்துட்டேன். உளி முதல்ல தொட்டப்ப டக் டக் டக்னு ஒரு பக்கம் மட்டும் வெட்டுது, கொஞ்சம் கொஞ்சமா அந்த டக் டக் நீண்டு நீண்டு ஒரு கட்டத்துல சர்ர்ருனு ஒரே சத்தமா ஆச்சு பாருங்க, அங்கயே சிரிச்சுட்டேன். விளிம்புக்கு பின்னாடி விரல் உக்கார ஒரு பள்ளம் விட்டேன், அதுதான் கைக்கு ரொம்ப சுகம்.

வார்னிஷ் அடிக்கல, லின்சீட் எண்ணெய் மூணு கை தேய்ச்சு விட்டேன், வழுக்கல. வைஸை மூச்சுப் பிடிச்சு இறுக்கி, கழட்டி, இறுக்கி பாத்தேன், குடம் அசையல.

வைரம்பாய்ஞ்சவன்:

அருமை! எண்ணெய் தேய்ச்ச துணியை சுருட்டி மூலையில போட்டுடாதீங்க, லின்சீட் காயும்போது சூடு கிளம்பும், சுருட்டின துணி தானா தீப்பிடிக்கும். விரிச்சு காயப் போடுங்க, இல்ல தண்ணி வாளியில முக்கி வைங்க.

அரைக்கடைசல்:

ஐயோ, இப்பதான் ஓடிப்போய் எடுத்து விரிச்சுட்டு வர்றேன், மரத்தூள் டப்பா மேலயே கிடந்துச்சு.

புதுசுதான்:

ஒரு சந்தேகம், சக்கரத்து விளிம்புல கோடு போட்டு அளவு பாக்க முடியுமா? ரூட்டர் மேசைக்கு பண்ணலாம்னு இருக்கேன்.

பழைய_உளி:

தாராளமா. எம் 16 ஒரு சுத்துக்கு 2 எம்எம் நகரும், விளிம்பை 20 பங்கா பிரிச்சா ஒரு கோடு 0.1 எம்எம். எம் 10னா சுத்துக்கு 1.5, அதுக்கு 15 கோடு. எம் 12 மட்டும் எடுக்காதீங்க, சுத்துக்கு 1.75, கோடு போட்டு கணக்கு பாக்கறதுக்குள்ள மறை கழண்டுடும், ராடுக்கு இல்ல, நமக்கு. எப்பவும் ஒரே பக்கமா சுத்தி அளவுக்கு வாங்க, திரும்பி வந்தா மறையில இருக்கற லூசு உங்களை ஏமாத்தும்.

புதுசுதான்:

வீட்ல எம் 12 ராடுதான் ஒரு மீட்டர் கிடக்கு 😭

பிளைவுட்_பிரியன்:

35 கோடு போடுங்க, ஒரு கோடு 0.05. கண்ணாடி போட்டுக்கிட்டு படிங்க.